விழுந்த கணக்கு சைபர்

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு லேப்டாப்பில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். சார்ஜர் வயரில் யார் காலோ பட்டது. என் கால்தான், ஒத்துக்கொள்கிறேன். மெஷின் நழுவி டைல்ஸ் தரையில் டமாரென்று விழுந்தது. பாய்ந்து எடுத்துக் காதில் வைத்துக் கேட்டேன். படத்தில் யாரோ யாரையோ அடிக்கிற சத்தம்தான் வந்தது.

"என்ன மாமா, ஃபோனா பேசுறீங்க?" என்று சிரித்தாள். "இதுக்குள்ள சுத்துறது ஒண்ணுமே இல்ல மாமா, அம்புட்டும் சிப்புதேன். குடுங்க, கிளைமாக்ஸ் போகுது."

தெரியும் தாயே. அவனியாபுரத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்து அதில்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் காதுக்குத் தெரியவில்லையே. அது இன்னமும் ஒரு 'டிக்' சத்தத்தைத் தேடுகிறது.

அது என்ன 'டிக்' என்று சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கைப் பிரித்தால் உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு இருக்கும். கண்மண் தெரியாமல் சுற்றும். அதன் மேல் ஒரு சின்னக் கை தொடாமல் மிதந்தபடியே எழுதும், படிக்கும். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையை மேலே காட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும்போது மெஷின் கீழே விழுந்தால் அந்தக் கை தட்டில் மோதிக் கீறிவிடும். கீறின இடத்தில் கல்யாணப் போட்டோ இருந்தால் கல்யாணப் போட்டோ போச்சு. இதற்காகவே சில லேப்டாப்புகளில் விழுவதை உணர்கிற ஒரு சிப்பு வைத்திருந்தார்கள். மேசையிலிருந்து தரைக்கு வர அரை விநாடி ஆகுமா? அதற்குள் 'ஐயோ, விழுறோம்' என்று அது கண்டுபிடித்து, கையைத் தட்டுக்கு வெளியே இழுத்து ஓரமாக நிறுத்திவிடும். அப்போது வருவதுதான் அந்த 'டிக்'. அதே அரை விநாடியில் நான் இதுவரை ஒரு காபித் தம்ளரைக்கூடப் பிடித்ததில்லை.

அக்கா மகளின் மெஷின் அடியில் கை வைத்தால் கொதித்தது. சூடான தூசி வாசனை வேறு. அந்த வாசனை மூக்கில் ஏறினால் நான் நேரே கோரிப்பாளையத்துக்குப் போய்விடுவேன். சிக்னலுக்குப் பக்கத்தில், மாடியில், நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். அதுவும் இப்போது இல்லை.

என் பக்கத்து மேசையில் ரபீக். சேர்ந்த புதிதில் அவனுக்கு அந்த 'டிக்'கைக் கேட்கவைக்கிறேன் பேர்வழி என்று, என் சொந்த லேப்டாப்பை ஒரு ஜாண் உயரத்திலிருந்து சோபா மெத்தையில் போட்டுக் காட்டினேன். அது மெத்தையில் குதித்துத் தரைக்குப் போய்விட்டது. "மாப்ள, டிக் கேக்கல. டமால்தேன் கேட்டுச்சு" என்றான். பதறிப்போய் டிஸ்கைச் சோதித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். விழுந்ததை அது எண்ணி வைத்திருந்தது. எத்தனை தடவை விழுந்தது, எத்தனை தடவை அதிர்ந்தது, அதிகபட்சம் எவ்வளவு சூடானது, எல்லாம் உள்ளே எழுதியிருந்தது. எல்லா டிஸ்கிலும் இது கிடையாது. அந்த மாடலில் இருந்தது.

ஆனால் எங்கள் சர்வீஸ் சென்டரில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அங்கே நடைமுறை வேறு. டிஸ்க் செத்து வந்தால் வேலைச் சீட்டில் 'கீழே விழுந்ததால் பழுது' என்று எழுத வேண்டும். வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாரண்டி அத்தோடு முடிந்தது. "கீழ போட்டுட்டு இல்லம்பாங்கப்பா, நீ எழுது" என்பார் மேனேஜர். நானும் எழுதினேன். எத்தனை பேருக்கு எழுதினேன் என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் பெரியகருப்பன் வந்தார். வண்டியூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். கூடவே அவர் மகள் செல்வி, இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவர் மாடிப்படி ஏறி வந்த கோலத்தைப் பார்த்து நானும் ரபீக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இரண்டு கையாலும் ஒரு தலையணையை ஏந்தியிருந்தார். தலையணை மேல் லேப்டாப். ஷேர் ஆட்டோவில் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

"தரையே பட விட்டதில்ல தம்பி. வீட்டுலயும் எப்பவும் தலகாணி மேலதேன். திடீர்னு கட்டுகட்டுன்னு சத்தம் போட்டு நின்னுருச்சு" என்றார்.

"ப்ராஜெக்ட் பூரா அதுக்குள்ளதாண்ணே இருக்கு" என்றாள் செல்வி. அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

மேனேஜர் தலையைத் தூக்காமலே சீட்டை நீட்டினார். "கீழ போட்டுருக்கீங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, புது டிஸ்க் வெளியில வாங்கிக்கங்க."

"நாங்க போடல சார்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. பாப்பா போட்டிருக்கும், உங்ககிட்ட சொல்லியிருக்காது."

பெரியகருப்பன் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. "சார், நான் சின்னதுலருந்து அடுத்தவக காட்டுல வேல பாத்தவன். மம்பட்டிக் கணை ஒடஞ்சாலும் நாந்தேன், வாளி நெளிஞ்சாலும் நாந்தேன். ஒடச்சவன் யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அப்பெல்லாம் தலையாட்டுனேன். எம்மக பேருல அப்படி ஒரு எழுத்து வேணாம். டிஸ்க்கு தராட்டியும் போங்க, கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

என் அம்மா வேலை பார்த்த வீட்டில் ஒரு கண்ணாடி ஜாடி உடைந்தது எனக்கு ஞாபகம் வந்தது. பூனை தட்டிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பூனைக்கு யார் சம்பளத்தைப் பிடிப்பார்கள்? அம்மா சம்பளத்தில்தான் பிடித்தார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை.

நான் எழுந்துபோய் டிஸ்கைக் கழற்றி என் மேசையில் மாட்டினேன். விழுந்ததை எண்ணுகிற அதே மாடல்தான். முக்கி முனகிக்கொண்டு கணக்கைக் கொடுத்தது. பார்த்துவிட்டு ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஏப்பா, கஸ்டமருக்கு ஸ்கிரீனக் காட்டாதேன்னு சொல்லிருக்கேன்ல" என்றார் மேனேஜர்.

"விழுந்த கணக்கு சார். அவுகளும் பாக்கட்டும்."

இங்கிலீஷ் அவருக்கு வராது. எண்ணைப் பார்க்க இங்கிலீஷ் எதற்கு? விரலை வைத்து, "சைபருங்களா?" என்றார்.

"சைபர்தாண்ணே. அதிர்ச்சியும் சைபர்."

மேனேஜர் லேசுப்பட்ட ஆளில்லை. எட்டிப் பார்த்து அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார். "சூடு எம்புட்டுன்னு பாத்தியா? தலகாணில வச்சு அவிச்சிருக்காங்க. காத்துப் போற ஓட்டைய அடச்சுட்டு ஓட்டியிருக்காங்க. அத எழுது."

உண்மைதான். அடி படாமல் காப்பாற்றுகிறோம் என்று வைத்த தலையணைதான் அதை வேகவைத்துக் கொன்றிருந்தது. செல்வியின் முகம் செத்துவிட்டது. பெரியகருப்பன் கையிலிருந்த தலையணையைக் குனிந்து பார்த்தார். எனக்கு வந்ததே கோபம்!

"எழுதுறேன் சார். சூடு எம்புட்டோ அத அப்படியே எழுதுறேன். ஆனா தலகாணில வைக்கக் கூடாதுன்னு வாரண்டித் தாள்ல எந்த வரியில இருக்கு? காட்டுங்க, கையெழுத்து நானே வாங்கித் தாரேன்."

தாளைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். அதில் தண்ணீர் இருந்தது, தீ இருந்தது, தலையணை இல்லை. ரபீக் இருமுவது மாதிரி சிரித்தான்.

புது டிஸ்க் வந்தது. பழையதை மின்விசிறிக்கு நேரே வைத்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டி, ப்ராஜெக்டில் கடைசி இரண்டு அத்தியாயம் தவிர மீதியை எடுத்துவிட்டோம். இனி பலகை மேல் வையுங்கள் என்று சொன்னேன். "பஞ்சு கூடவா பகையாப் போகும்?" என்று அவர் நம்பாமலே தலையாட்டினார்.

அடுத்த மாதம் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வருத்தமா என்றால், மருந்துக்கும் இல்லை. இன்றைக்கு அந்த மாடிக்கு மறுபடி ஏறினாலும் ஸ்கிரீனைத் திருப்பத்தான் செய்வேன்.

மெஷினை வாங்கிக்கொண்டு போன அன்று பெரியகருப்பன் வேலைச் சீட்டின் நகலைக் கேட்டார். தமிழில் எழுதச் சொன்னார். எழுதினேன். "சத்தமாப் படிங்க தம்பி" என்றார். மேனேஜர், ரபீக், காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் கேட்கப் படித்தேன்: 'கீழே விழவில்லை. அடி படவில்லை.' "இன்னொருக்கா" என்றார். இன்னொரு தடவையும் படித்தேன். மகளிடம் கொடுத்து, மடங்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது சுற்றுகிற டிஸ்கும் இல்லை, ஓரமாக ஒதுங்குகிற கையும் இல்லை, விழுந்ததை எண்ணுகிற கணக்கும் இல்லை. யார் போட்டது, யார் போடவில்லை என்று சொல்ல மெஷினுக்குள் ஒரு சாட்சியும் கிடையாது. என் கடைக்கு வருகிறவர்கள் மட்டும் இன்னமும் அதே பயத்தோடுதான் வருகிறார்கள். "நாங்க கீழ போடலண்ணே" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்கிறார்கள். நான் எதையும் சோதிப்பதில்லை. சீட்டை எடுத்து, அவர்கள் பார்க்க, முதல் வரியில் அதைத்தான் எழுதுகிறேன்.