இடது கைப்பக்கம் கடல்

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தில் நின்றுகொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். இந்தப் பயணம் அங்கேதான் கிளம்பியது.

மெட்ராஸிலிருந்து நிலவியல் மாணவர்கள் சுத்தியலும் பையுமாக வந்திருந்தார்கள். ஒரு மாணவி கல்லாகிப் போன சிப்பியொன்றை என் உள்ளங்கையில் வைத்து, "இந்த இடமெல்லாம் ஒரு காலத்துல கடல், தெரியுமா?" என்றாள். இந்த மாதிரிக் கல்லைத்தான் எங்கள் வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டைக்கு வைத்திருக்கிறோம். "நிஜக் கடலப் பாத்திருக்கீங்களா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

"ஓ, எத்தனையோ தடவை!"

வயது இருபத்திரண்டு. பி.எஸ்ஸி. முடித்தாயிற்று. கடலை சினிமாவில்தான் பார்த்திருந்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அரியலூரில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் அப்புறம் நாற்காலியும் நானும்தான். கையில் இருப்பது மூன்று நாள். பள்ளத்திலிருந்து மேலே ஏறி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். கடலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும், கடல் இடது கைப்பக்கம் விடாமல் வர, அதை ஒட்டியே வண்டி ஓட்டுவது. அப்படிச் செய்தால்தான் அந்தப் பொய் நிஜமாகும்.

வண்டி என் அக்காள் வீட்டுக்காரர் செல்வராசு மச்சானுடைய மொபெட். பள்ளிக்கூட அட்லஸை அவர் முன்னால் விரித்தேன்.

"கடல ஒட்டி ரோடு இருக்காடா?" என்றார்.

"என்ன மச்சான், நம்மூரு ஏரிக்கே கரைமேல வண்டி போவுது. கடலுக்கு இருக்காதா?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். அம்மாம் தண்ணிக்கு எம்மாம் பெரிய கரை கட்டியிருப்பானுவ! ரெண்டு லாரி எதிரும் புதிருமாப் போவலாம்" என்று சாவியைக் கொடுத்தார். "பாத்து ஓட்டு. அந்தக் கரையிலேருந்து உருண்டா வண்டி கெடைக்காது."

வண்டிதான் அவர் கவலை; நான் கிடைக்காமல் போனால் பரவாயில்லை போலிருக்கிறது.

வெள்ளி, காலை ஐந்தரை. அரியலூரை விட்டேன். ஜெயங்கொண்டத்தில் மூன்று லிட்டர் பெட்ரோல், ஆயில் கலந்து பத்தொன்பது ரூபாய். டீ நாற்பது காசு. கங்கைகொண்டசோழபுரம் கோபுரத்துக்கு வண்டியிலிருந்தபடியே ஒரு கும்பிடு.

ஒன்பதரைக்கு லால்பேட்டையில் வீராணம் ஏரிக்கரைமேல் ஏறினேன். தை மாதம், ஏரி நிறைந்து கிடந்தது. பதினாறு கிலோமீட்டர் கரை. இடது கைப்பக்கம் தண்ணீர், வலது பக்கம் அறுப்புக்கு நிற்கும் நெல். நான் பாடிக்கொண்டே ஓட்டினேன். கடலும் இப்படித்தான் இருக்கும், இன்னும் கொஞ்சம் அகலமாக, என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டை. பகல் ஒரு மணிக்கு அன்னங்கோயில் மீனவர் குப்பத்தில் சாலை நின்றது. முடியவில்லை, வளையவில்லை, நின்றுவிட்டது. அதற்கப்புறம் மணல், மணலுக்கப்புறம் கடல்.

கரையைக் காணோம்! அவ்வளவு தண்ணீரும் ஒரு தடுப்பும் இல்லாமல் தரையோடு தரையாகக் கிடந்தது. அதைப் பார்த்து மலைக்கவா நேரம்? ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று வண்டியை விட்டேன். இருபது கெஜம் போவதற்குள் பின்சக்கரம் பாதி புதைந்தது. இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான்.

டீக்கடை பாயிடம் போய், "தெக்கே போற கரை ரோடு எங்கங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டேன்.

"எந்தக் கரை?"

"கடலுக்குக் கட்டின கரைங்க."

பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "அல்லாவே! கடலுக்குக் கரை கட்டினது யாரு வாப்பா, உங்க பஞ்சாயத்து போர்டா? மதகு எந்தப் பக்கம் வெச்சிருக்காங்க?"

கடையே சிரித்தது. பிறகு அவரே பொறுமையாகச் சொன்னார்: தெற்கே வெள்ளாறு கடலில் விழுகிறது. அக்கரைக்குத் தோணி உண்டு, ஆனால் அங்கே சேறும் காடும் கழிமுகமும்தான். "மனுசன் போவலாம். இந்த வண்டி போவாது. சிதம்பரம் போய்ச் சுத்திக்கிட்டுப் போங்க."

கடலைப் பார்க்க வந்தவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருபத்தைந்து கிலோமீட்டர் மேற்கே போனேன். சிதம்பரத்தில் லாட்ஜ் வாடகை எட்டு ரூபாய், மூட்டைப்பூச்சி உட்பட.

சனி, காலை ஏழு. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி மறுபடி கிழக்கே திரும்பினேன். பத்து மணிக்குப் பழையாறு. மணல் முழுக்கக் கருவாடு காய்ந்தது. ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா கூடையில் கருவாட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அஞ்சலை என்று பேர். திருமுல்லைவாசலுக்கு வழி கேட்டேன்.

"நானும் அங்கதான் போறேன், மவ வூட்டுக்கு. இப்புடியே கடலோரமா நட. ரெண்டு எடத்துல தோணி இருக்கு, கூப்புட்டா வருவான்."

"வண்டிக்குங்க?"

"வண்டிக்கு வழி நான் என்னாத்தக் கண்டேன்? எங்கிட்ட கால்தானே இருக்கு!"

தெற்கே ஒரு வண்டித்தடம் தெரிந்தது. விட்டேன். ஆகா, இடது கைப்பக்கம் கடல்! மூன்று கிலோமீட்டர், காற்று சட்டைக்குள் புகுந்து புடைக்க, நான் கேட்டது அப்படியே கிடைத்தது. நாலாவது கிலோமீட்டரில் உப்பங்கழி. மார்பளவுத் தண்ணீர். எதிர்க்கரையில் தடம் ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்ந்து போனது. அதைப் பார்த்ததும் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

திரும்பினேன். வழியில் பிளக்கில் கரி அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்து கிளப்பினால் அடுத்த ஊருக்கு முன்னால் பஞ்சர். ஒட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு மணி நேரம் சாப்பிட்டார், என்னதான் சாப்பிட்டாரோ! சீர்காழி போய், அங்கிருந்து மறுபடி கிழக்கே பதின்மூன்று கிலோமீட்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலோரச் சாலை என்று இங்கே ஒன்று கிடையாது. கடலுக்குப் போகிற சாலைகள்தான் இருக்கின்றன, சீப்பின் பல் மாதிரி. ஒரு பல்லின் நுனியிலிருந்து அடுத்த பல்லின் நுனிக்குப் போக, ஒவ்வொரு தடவையும் அடித்தண்டு வரைக்கும் வந்தாக வேண்டும். என் அட்லஸில் கடல் ஒரே நீலக் கோடாகத்தான் இருக்கிறது.

மாலை நாலு மணிக்குத் திருமுல்லைவாசல். முகமெல்லாம் புழுதியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனை ஒரு வீட்டு வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"என்னா தம்பி, இப்பத்தான் வர்றியா?"

அஞ்சலையம்மா! காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடை பாதி காலியாக இருந்தது.

"நான் வந்து, சோறு தின்னு, பாதி கருவாட்ட வித்து, ஒரு தூக்கமும் தூங்கிட்டேன். நீ எந்த வழியா வந்தே? திருச்சி வழியாவா?"

"எப்படிங்க வந்தீங்க?" என்றேன், எரிச்சலை மறைக்காமல்.

"கடலோரமாத்தான். காலையில சொன்னேன்ல?"

"வழியெல்லாம் கடல் தெரிஞ்சிச்சா?"

"இது என்னா கேள்வி! இந்தப் பக்கமே கூட வந்துச்சு" என்று இடது கையை நீட்டிக் காட்டினார். "அது எங்க போயிரும்?"

என் மொபெட்டின் மீட்டரைப் பார்த்தேன். இரண்டு நாளில் இருநூற்று முப்பது கிலோமீட்டர். அதில் கடலை இடது கைப்பக்கம் வைத்து ஓட்டியது மூன்று. நான் போட்ட சபதத்தை இந்த அம்மா கருவாட்டுக் கூடையோடு, மகள் வீட்டுக்குப் போகிற வாக்கில், நிறைவேற்றியிருந்தார். அது சபதம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த மாணவி தந்த கல் சிப்பியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கையில் உருட்டிப் பார்த்தார்.

"செத்த மட்டி. கல்லாப் போச்சு. இத ஏன் தூக்கிக்கிட்டுத் திரியிறே?"

"எங்க ஊர்ல கெடச்சதுங்க. அங்கயும் ஒரு காலத்துல கடல் இருந்துச்சாம்."

"அப்புடியா! அந்தக் கடல்ல ரோடு போட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தால் போட்டிருக்கிறோம். "ஆமாங்க. சுண்ணாம்புக்கல் லாரி போவுது."

"அப்ப உன் வண்டிய அந்தக் கடல்ல ஓட்டு. இந்தக் கடலுக்கு நடந்து வா."

அவர் மகள் உள்ளே சிரித்தது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது; ஐந்து நிமிஷம்கூட அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. மாசி மகத்துக்கு முதல் நாள் மறுபடி இந்த வழியாக மகள் வீட்டுக்கு வருவாராம். "வர்றதுன்னா விடியறதுக்குள்ள பழையாறு வந்துரு. உனக்காவல்லாம் நின்னுக்கிட்டு இருக்க மாட்டேன்."

தரங்கம்பாடிக்குப் போகவில்லை. போனாலும் இன்னொரு பல்லின் நுனிதான்.

ஞாயிறு, பிற்பகல் மூன்று. அரியலூர். மச்சான் முதலில் வண்டியைச் சுற்றி வந்தார். டயர் இடுக்கிலிருந்த மணலைச் சுண்டிவிட்டு, "கரை எம்மாம் ஒசரம்டா?" என்றார் ஆவலாக.

"கரையே இல்ல மச்சான்."

"இல்லியா! அப்பறம் தண்ணி எப்புடி நிக்கிது?"

இரண்டு நாள் அதன் பக்கத்தில் அலைந்தும் இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. எனக்கிருந்த கவலையெல்லாம் ரோட்டைப் பற்றித்தான். அந்த மாணவி மறுபடி வந்து கேட்டால், பார்த்திருக்கிறேன் என்று பொய்யில்லாமல் சொல்லலாம். ஆனால் எத்தனையோ தடவை என்று சொல்ல முடியாது.

இப்போது மாலை ஆறு. மேசைமேல் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, நாளைக் காலை பத்து மணிக்கு ஆபீஸில் கொடுக்க வேண்டிய, வேலையில் சேரும் கடிதம். எழுதி மடித்துவிட்டேன். மற்றது மாசி மகத்தை ஒட்டி மூன்று நாள் லீவுக்கான விண்ணப்பம். சேருகிற அன்றே லீவு கேட்பவனை மேலதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று தெரியும். காரணம் என்ற இடத்தில் மட்டும் பேனா நிற்கிறது. உடல்நலக் குறைவு என்று போட்டால் சுலபமாகக் கிடைத்துவிடும். ஒரு பொய்யால்தான் மூன்று நாள் அலைந்தேன்; இன்னொன்று வேண்டாம். 'பழையாற்றிலிருந்து தரங்கம்பாடி வரை நடக்க வேண்டியிருப்பதால்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.