லியோட்டா வெட்டாத புல்

கோர்ட்டு வாசல் புல்லை மளமளவென்று வெட்டிக்கொண்டே வருவாள் லியோட்டா கிரெப்ஸ். கர்னல் சிலையை நெருங்கியதும் புல்வெட்டும் வண்டியை வெடுக்கென்று ஒடித்துத் திருப்பிவிடுவாள். வாயில் மென்றுகொண்டிருக்கும் சூரியகாந்தி விதையின் தொலியைச் சிலைப் பக்கம் துப்புவதும் உண்டு. கான்சாஸ் வெயிலில் சதுக்கம் முழுக்க ஒட்ட வெட்டிய புல். கர்னல் லேத்ராப் மட்டும் முட்டளவு களைக்குள் பீடத்தோடு நிற்கிறார்.

கவுண்டிக்கே, அதாவது அந்த மாவட்டத்துக்கே, அவர் பெயர்தான். லியோட்டா அதை வாயால் சொல்லமாட்டாள். வண்டியில் எழுதியிருந்த அந்தப் பெயரையும் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிட்டாள். 'இம்மண்ணுக்குத் தன் பெயரைத் தந்தவர்' என்கிறது பீடம்.

"பேரு குடுத்தானாம் பேரு! ரயிலை விட்டு எறங்கக்கூட இல்ல அந்த ஆளு. ஜன்னல் வழியா கையாட்டிட்டுப் போனான். அதுக்கு ஒரு கவுண்டியே எழுதி வெச்சிட்டானுங்க!"

அவள் கோபத்தில் ஒரு சொட்டுகூட வீண் இல்லை. குடியேறியவர்கள் முதல் பொதுக்கிணறு தோண்டியது இந்தச் சதுக்கத்தில்தான். மண் சரிந்து மூன்று பேர் உள்ளேயே புதைந்துபோனார்கள். ஒருவர் அவள் பாட்டனின் அப்பா, ஆன்டன் கிரெப்ஸ். கவுண்டிக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி ஊரே கேட்டது. தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் ரயில் விட்ட கர்னலின் பெயரை வைத்தார்கள். பிணங்களை எடுக்காமலே கிணற்றைத் தூர்த்து, அதன்மேல் அவரையே நிறுத்தியும் வைத்தார்கள். என்ன நெஞ்சழுத்தம்!

இந்தக் கோடையில் கவுண்டியின் பிறந்தநாள் வந்தது. கவுண்டி நிர்வாகத்தைப் பார்க்கும் கமிஷனர் டாரல் நேரிலேயே வந்து நின்றான். சிறுபிள்ளையிலிருந்தே அவளுக்குத் தெரிந்தவன்.

"லியோட்டாக்கா, நாளைக்கு கவர்னர் வர்றாரு. இந்தக் காட்டை வெட்டித் தொலைங்க. இல்லன்னா வேலைய விட்டுப் போங்க."

"சமாதி மேல வண்டி ஓட்டச் சொல்றியா? உங்க அம்மா சமாதி மேல நீ ஓட்டிக் காட்டுடா. பாத்துட்டு நானும் ஓட்டுறேன்."

"இது சிலைக்கா."

"சிலைக்குக் கீழ யாருடா கெடக்கா?"

 டாரல், "வண்டி சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினான்.

கணவன் பெர்னியின் இன்சுலின் இந்த வேலையின் காப்பீட்டில்தான் வருகிறது. அவள் கை சாவியோடு சற்று நின்றது. பிறகு அவன் உள்ளங்கையில் போட்டாள்.

வீட்டுக்குப் போகவில்லை. கோர்ட்டுச் சுவரோரம் சுருட்டிக் கிடந்த ரப்பர் குழாயை இழுத்துவந்து, அந்தக் களைக்கெல்லாம் நிதானமாகத் தண்ணீர் பாய்ச்சினாள். டாரலின் பூட்ஸ் நனைந்தது. அவள் குழாயைத் திருப்பவில்லை.