தனியாக நடக்கத் தேவையான சாமான்கள்

மலையில் நடக்கப் போகிறவனுக்குச் சாமான் விற்கும் தொழிலில் முதல் பாடம், அவன் நடக்கப் போவதில்லை என்பதுதான். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் கொடைக்கானல் கடைவீதியில் ஒரு கடையில் நான் வேலைக்கு நின்றேன். கம்பளி, முதுகுப் பை, ஸ்டவ், கைத்தடி, மளிகை எல்லாம் விற்போம். பையும் ஸ்டவ்வும் வாடகைக்கும் உண்டு. கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லப் போவது புரியாது. கல்லாவுக்கு வெளியே நாளெல்லாம் நின்று கால் வீங்கியவர்கள் படித்தால் போதும்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. கொடைக்கானலில் புறப்பட்டு, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று நாலு நாள் நடந்து, எங்கள் ஊர் பழனியில் இறங்க வேண்டும். அதுவும் தனியாக. பழனியில் எங்கள் வீட்டில் யாத்ரீகர்களைத் தங்க வைத்துப் பிழைத்தோம். நான் கண் விழித்த நாளெல்லாம் யாரோ ஒருவர் என் தலைமாட்டில் அரோகரா சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாலு நாளாவது மனிதச் சத்தம் இல்லாமல் இருந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு வெறி. வாடிக்கையாளர்கள் செய்யும் கோமாளித்தனங்களை எல்லாம் பார்த்துப் பார்த்து, எதை எடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு, என் பைக்கான சாமான்களை மனசுக்குள் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

அரைமணிப் பருப்பு

மதுரையிலிருந்து ஒரு பாங்கு அதிகாரி. தனியாகப் பேரிஜம் ஏரி வரை போய், இரண்டு ராத்திரி தங்கி, தானே சமைத்துச் சாப்பிட்டு வருவாராம். அரிசி, புளி, பெருங்காயம், துவரம்பருப்பு என்று கல்யாணத்துக்கு வாங்குவதுபோல வாங்கினார். "சார், இந்த உயரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது, அவல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். தன் வீட்டில் அரைமணியில் வேகும் என்றார். அவர் வீடு வைகைக் கரையில் இருக்கிறது என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. விற்கிறவனுக்கு வாய் ஓர் அளவுக்குத்தான்.

மறுநாள் மாலையே வந்து நின்றார். கண் இரண்டும் புகையில் சிவந்திருந்தன. கையில் பாதி ஊறி, பாதி வெந்து, யாருக்கும் உதவாத பருப்பு. அதை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "பழைய பருப்பைத் தலையில கட்டிட்டீங்க. மாத்திக் குடுங்க."

கொஞ்சம் சேறு

மதராஸ் வாலிபர் ஒருவர் வந்தார். பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர். காட்டில் தன்னந்தனியாக மூன்று இரவு கழித்து அதைக் கட்டுரையாக்கப் போகிறாராம். வாடகைக்குப் பை எடுத்து, எங்கள் கண்ணாடி முன் நின்று முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் பார்த்துக்கொண்டார். வருகிற புலியிடம் இவர் பேட்டிகூட எடுப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் நான் டீ குடிக்கப் போனால், மனிதர் ஏரியில் படகில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அதில் ஒரு புல்கூட ஒட்டியிருக்கவில்லை. போட்டோ எடுக்க ஆள் ஏற்பாடு செய்திருந்தார்போல. குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கடைக்குப் பின்னால தோட்டம் இருக்கா தம்பி? கொஞ்சம் சேறு வேணும், ஷூவுல பூசிக்க."

காட்டு மாடும் குடையும்

என்னோடு வேலை பார்த்த முத்தையா அட்டுவம்பட்டிக்காரன். கடைக்கும் வீட்டுக்கும் நடப்பதைத் தவிர அவன் கால் வேறு எந்தப் பாதையையும் அறியாது. ஆனால் வழி கேட்டு வருகிறவர்களுக்கு அவன்தான் குரு. காட்டு மாடு எதிரே வந்தால் என்ன செய்வது என்று ஒரு கல்லூரி ஆசிரியர் கவலையோடு கேட்டார். முத்தையா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "குடையைப் படக்குன்னு விரிங்க சார். மிரண்டு ஓடிரும்" என்றான். ஆசிரியர் உடனே ஒரு குடை வாங்கினார். போகிற வழியில் அது கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றும் வாங்கினார்.

அவர் படி இறங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைக் கொல்லப் பார்க்கிறாயே, இதை எந்த மாடு உனக்குச் சொன்னது என்று கேட்டேன். அவன் குடைக் கட்டை அலமாரியில் ஏற்றி வைத்தபடியே சொன்னான்: "மாடு எங்கண்ணே சொல்லுது. போன மழைக்கு வந்த குடை அப்படியே கெடக்குல்ல."

லீவு

முதலாளிக்குப் பழனியிலும் ஒரு கடை உண்டு, அடிவாரத்தில், பூஜைச் சாமான் கடை. அதனால் என் வருஷம் இப்படிப் போகும்: கோடையில் சீசன், லீவு கிடையாது. ஐப்பசியில் மழை, "மழையில எங்கடா போவே?" தையில் பூசம், என்னைப் பழனிக் கடைக்கு இறக்கிவிடுவார். பங்குனியில் உத்திரம், மறுபடியும் இறக்கம். அது முடிந்தால் சீசன்.

ஒருமுறை மனசைத் திடப்படுத்திக்கொண்டு, நாலு நாள் லீவு வேண்டும், மலையில் தனியாக நடக்கப் போகிறேன் என்று கேட்டேவிட்டேன். அவர் என்னைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். காதல் தோல்வியா என்று விசாரித்தார். வீட்டில் சண்டையா என்றார். இரண்டும் இல்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தனியா இருக்கணும்னா மலைக்கு எதுக்குலே போகணும்? மழைக்காலத்துல கடையில தனியாத்தானே நிக்கிறே?"

நேர்த்திக்கடன்

பூசத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு மாசியில் எனக்கு அந்த யோசனை வந்தது. பழனிக்கு நடந்து வருவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். கண்ணை மூடினார். லீவு கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அன்று மாலை பையைக் கட்டினேன். ஒரு கம்பளி. அவல், வெல்லம், பொட்டுக்கடலை. மெழுகுத் துணியில் சுற்றிய தீப்பெட்டி, காலில் ஏறும் அட்டைக்குப் புகையிலை. துவரம்பருப்பு இல்லை, ஸ்டவ் இல்லை, குடை இல்லை. தூக்கிப் பார்த்தேன். இவ்வளவு லேசான பை எங்கள் கடைப் படியை விட்டு இறங்கியதே கிடையாது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததும் கிடையாது.

வெள்ளனே கதவைத் திறந்தால் வாசலில் முதலாளியின் மச்சான். மச்சானின் சம்சாரம், மொட்டை போட இரண்டு பிள்ளைகள், அட்டுவம்பட்டியிலிருந்து ஒரு காவடிக் கோஷ்டி, கோஷ்டிக்கு ஓர் உறுமிக்காரர். "சாமிக்கு நடக்கிறவரைத் தனியா விடலாமா? அத்தான் எல்லாருக்கும் சொல்லி விட்டாரு" என்றார் மச்சான். என் பையைப் பார்த்து, "காலியாத்தானே கெடக்கு" என்று தெருவே அதில் காணிக்கை போட்டது. தேங்காய், குத்துவிளக்கு, ஒரு டின் நெய். நான் அதைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தேன். உறுமி என் காதுக்குப் பின்னால் நடந்தது. என் அவல் பூம்பாறைக்கு முன்பே தீர்ந்துபோனது. ஒதுங்கப் போனால்கூட "சாமி எங்க?" என்று தேடி வந்தார்கள். எனக்கு வாய்விட்டு அழவேண்டும்போல இருந்தது, அதற்கும் தனியிடம் இல்லை.

மன்னவனூரில் வெயில் சாயும் நேரத்தில் அடுப்பு மூட்டினார்கள். எல்லோரும் புகையைச் சுற்றி உட்கார்ந்துவிட, நான் மெல்ல நழுவிப் புல் மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினேன். உறுமி கேட்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது, காற்றில் புல் மட்டும் அசைந்தது. ஒன்றும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இதற்காகத்தான் இவ்வளவு நாள் தவித்தேன், இது நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. அப்போது மேட்டு உச்சியில் மச்சானின் தலை தெரிந்தது. "இங்க வந்து ஒளிஞ்சுட்டீங்களா? வெரசா வாங்க. துவரம்பருப்பு எம்புட்டு நேரமா வேகமாட்டேங்குது, உங்க கடையில வாங்கினதுதான்."

இத்தனை வருஷம் திட்டம் போட்டு நான் மலையில் தனியாக இருந்தது, நான் வேண்டாம் வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவந்த அந்தப் பருப்பு வேகாமல் கிடந்த நேரம் மட்டும்தான்.