தண்ணீர் இல்லாத குழாயில் தட்டிய சத்தம்

அரியலூரில் எங்கள் வீட்டு மாடியில் மாமியார் குழாயைத் திறந்து மூடினாலே, கீழே சுவருக்குள் 'டக் டக்' என்று இடிக்கும்.

"பைப்பப் பிடிச்சிருக்குற கிளாம்பு லூசாயிருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் கணவர். நான் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன்.

அன்று மதியமும் கூட்டினேன். திடீரென்று கரண்ட் போய் டிவி நின்றது. இடிக்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. மோட்டார் ரிப்பேராகி, காலையிலிருந்தே டேங்க் காலி என்பது அப்போதுதான் உறைத்தது. சுவரில் காதை வைத்தேன். டக்... டக்...

மாடிக்கு ஓடினேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்த மாமியார், எழ முடியாமல் சொம்பால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமா தட்டுறேம்மா! நீ டிவி சத்தத்தக் கூட்டுனது இங்க வரைக்கும் கேட்டுச்சு."

நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மறுநாளே ரப்பர் வைத்து கிளாம்பை இறுக்கினோம். இப்போது தண்ணீர் சத்தமில்லாமல் ஓடுகிறது. இனி அந்தச் சுவருக்குள் தட்டுவது கேட்டால், அது ஆள்தான்.