கரண்ட் போன நேரத்துக் கேள்வி

திருப்பதியில் பொது சுகாதாரப் பட்டப்படிப்பு படித்தபோது, களப்பயிற்சிக்கு நாலு கிரெடிட் உண்டு. அதற்காக என்னை, தமிழ் பேசுகிறவர்கள் அதிகமுள்ள நகரி என்ற ஊருக்கு அனுப்பினார்கள். விசைத்தறித் தெருவில் வீடு வீடாகப் போய் வயிற்றுப்போக்கு பற்றி விசாரிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமல் மெதுவாகக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் யாரும் ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை போலும்.

முதல் வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் மெதுவாகத்தான் கேட்டேன். அவர் காதைக் காட்டினார். கொஞ்சம் உரக்கக் கேட்டேன்.

"கத்திக் கேளுமா" என்று அவரே கத்தினார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வூட்ல யாருக்காச்சும் வயித்தால போவுதா?" என்று கத்தும்போதே கரண்ட் போய்விட்டது. தெருவிலிருந்த தறிகள் எல்லாம் சட்டென்று நின்றன. என் குரல் மட்டும் தெருக்கோடி வரை போனது.

நான் தலை நிமிரவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே, "எங்க வூட்ல இல்லமா" என்றார்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. "இங்க நேத்துலேருந்து போய்க்கினு கீது."

"எங்க பையனுக்கும்தான்" என்றது எதிர்வீடு.

"எல்லாம் அந்தக் கோடிக் கொழா தண்ணியாலதான்" என்றார் வேறொருவர்.

கரண்ட் திரும்பி வருவதற்குள் தெரு முழுவதும் பதில் சொல்லி முடித்திருந்தது.

வாய்மொழித் தேர்வில் மேடம், "தகவல் திரட்ட எந்த முறையைக் கையாண்டாய்?" என்று கேட்டார்.

"குழுக் கலந்துரையாடல், மேடம்" என்றேன்.