சோப்புப் படலத்தை ஒரு நொடி நிற்க வைத்த கதை

எழுபதுகளின் நடுவில், கல்கத்தா லேக் கார்டன்ஸில் இரண்டாம் மாடியில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். ஹவுராவிலிருந்து வரும் ஆபீஸ் நண்பர் ஒருவர், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் மூன்று வளையங்களை ஒரே ஒரு நாளைக்கு இரவல் தந்தார். அவற்றை மாட்டினால் கடுகு எலுமிச்சம்பழம் போலத் தெரியும். மாலை ஐந்து மணிக்குத் திருப்பி வாங்கிக்கொள்ள வருவார். அதற்குள் சோப்புப் படலத்தின் நிறங்களைப் படம் பிடித்துவிட வேண்டும். அவர் தருவதாகச் சொன்னதிலிருந்து நான்கு நாட்களாக எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சனிக்கிழமை. லீவு போட்டேன். வழக்கம்போல எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் களத்தில் இறங்கினேன். வெளிச்சத்தைச் சீராகப் பரப்ப ஜன்னலோரம் வெள்ளை வேட்டி, நிறங்கள் எடுப்பாகத் தெரிய எதிரே கறுப்புத் துணி, கிண்ணத்தில் கிளிசரின் கலந்த சோப்புத் தண்ணீர், அதில் தோய்க்கச் செம்புக் கம்பி வளையம். மின்சாரமும் போயிற்று. ஊரே திட்டும் லோட்ஷெட்டிங்கை நான் மட்டும் வரவேற்றேன், ஃபேன் காற்று இல்லையே!

ஆனால் வளையத்தைத் தூக்கியதும் படலம் பட்டென்று உடைந்தது. மறுபடியும் பட். அவசரத்தில் கேமரா பட்டனை அமுக்கி அமுக்கி ஃபிலிமைத் தீர்த்தேன். சோப்பைத் திட்டினேன், கல்கத்தாத் தண்ணீரைத் திட்டினேன், கதவைத் திறந்த மனைவியையும் விடவில்லை. மணி நாலரை. பாக்கி ஒரே ஒரு படம்.

அவள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "தண்ணி மேல எண்ணெய் மினுக்கறது பாருங்கோ. சீயக்காய் தேச்சும் உங்க கையெல்லாம் நல்லெண்ணெய். கையை உள்ள விட்டா எப்படி நிக்கும்?"

அவள் வேறு கிண்ணத்தில் புதிதாகக் கரைத்து, தானே வளையத்தைத் தோய்த்து நீட்டினாள். நின்றது! மூச்சை அடக்கிக்கொண்டு லென்ஸ் வழியே பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மேலிருந்து ரோஜாவும் பச்சையும் பட்டை பட்டையாக இறங்கின. அவற்றின் பின்னால் நீலம், ஊதா, பொன். சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினேன்.

"எனக்கும் காட்டுங்கோளேன். இங்கேர்ந்து பார்த்தா வெறும் கண்ணாடி மாதிரின்னா இருக்கு."

"அசையாதே! முதல்ல படம்!"

உச்சியில் கறுப்பு படர ஆரம்பித்தது, உடையப் போகிறது என்று அர்த்தம். அமுக்கினேன். அடுத்த கணம் படலம் போய்விட்டது. வாசலில் நண்பர் கதவைத் தட்டினார். வளையங்களைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தனுப்பினேன். அன்று ராத்திரி முழுக்க நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தேன், என் படத்தைப் பற்றி.

மூன்று வாரம் கழித்து பம்பாயிலிருந்து ஸ்லைடுகள் கழுவி வந்தன. கடைசி ஒன்று மட்டும் பளிங்கு போலத் தெளிவு. ஓடிப்போய் அவளிடம் நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதையா நான் கையில புடிச்சுண்டு நின்னேன்?" என்றாள்.

அவளுக்குப் படலத்தைக் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.