பெட்டியோடு நிலைப்படியில் நின்றவள்

பார்லர் அக்காவுக்கு ஊர்க்கதை அத்தனையும் தெரியும், முடிவுகள் மட்டும் தெரியாது. நாற்காலியில் உட்காருகிறவர்கள் வீட்டு வம்பையெல்லாம் கொட்டித் தீர்ப்பார்கள். கதை சூடு பிடிக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும், துண்டை உதறிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவள் எழுதிய நாவலும் அப்படித்தான் கிடந்தது. வெளியூரில் வேலை கிடைத்த கதாநாயகி பெட்டியோடு நிலைப்படியில் நிற்கிறாள். வருடக்கணக்காக நிற்கிறாள். கால் வலிக்காதா, பாவம்!

கடைசியில் கதை எழுதச் செல்போனிலேயே கற்றுத்தரும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். ஒரு கதைக்கு எலும்புக்கூடு என்று ஒன்று உண்டு, ஒருவருக்கு ஒன்று வேண்டும், குறுக்கே ஏதோ நிற்கும் என்று கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் வந்தவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டாள்.

"சரி, உங்களுக்கு என்னதான் வேணும்? குறுக்க யாரு நிக்கிறா?"

"எனக்கு முடி வெட்டணும். குறுக்க நீதான் நிக்கிற" என்றாள் பக்கத்துத் தெரு டீச்சர்.

வகுப்பெடுத்த பெண் நாவலைப் படித்துவிட்டு அதே கேள்வியை இவளிடம் திருப்பினாள். "உங்க கதையில எல்லாருமே தங்கமானவங்க. தடுக்க ஆளே இல்லைன்னா அவ ஏங்க இன்னும் வாசல்ல நிக்கிறா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடுப்பது கதாநாயகியின் அண்ணிதான், அது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். எழுதத்தான் பயம். ஏனென்றால் இவளும் ஒரு காலத்தில் வெளியூர் வேலைக்குப் பெட்டி கட்டியவள். தாய்க்குத் தாயாக வளர்த்த அண்ணி அழுத அழுகையில் பெட்டியைப் பிரித்துவிட்டு, அதே வீட்டின் முன்னறையில் பார்லர் வைத்தவள்.

துணிந்து எழுதினாள். கதையில் அண்ணி அழுதாள், சாப்பிடாமல் படுத்தாள், பெட்டிச் சாவியை ஒளித்து வைத்தாள். நாவல் குதிரை மாதிரி ஓடியது. ஓடிவந்து அதே நிலைப்படியில் மறுபடி நின்றுவிட்டது. இனி தன் சொந்த அண்ணிக்குத் தெரியாமல் கதை நகராது என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் தலைக்குச் சாயம் பூசினாள். பூசிவிட்டால் அரைமணி நேரம் எழுந்து ஓட முடியாது. கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டினாள்.

அண்ணி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம்?"

"அதான் தெரியல அண்ணி. அவ எப்படிப் போவா?"

"அவளா எங்க போவா? அண்ணி முகத்தைப் பார்த்தா கால் வராதுடி அவளுக்கு." அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "அண்ணிதான் பெட்டியைத் தூக்கணும். திட்டிக்கிட்டே கொண்டுபோய் பஸ்ல ஏத்தி விடணும். அன்னிக்கு எனக்கு இது தோணாமப் போச்சு. நீ எழுது."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேனாவைத் தேடினாள். கதாநாயகி நிலைப்படியைத் தாண்டினாள், தெருவைத் தாண்டினாள், பின்னாலேயே அண்ணியின் வசவும் பெட்டியும் வந்தன.

"ஏய், தலை எரியுது! கழுவி விடுடி!"

"ஒரே ஒரு வரி அண்ணி, பஸ் கிளம்பிடுச்சு!"

"கிளம்பட்டும், கிளம்பட்டும்" என்ற அண்ணி, வழிந்த சாயத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஜன்னலோர சீட்டு கொடுத்தியா அவளுக்கு?"